ஒன்பதாவது வகுப்பு உத்தரம்

எங்கள் ஊர் ஜெயிலைப் பார்க்க இப்போதெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வளைவுகளைத் தடவிப் பார்க்கிறார்கள், சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள், "ஆகா, என்ன கட்டடம், என்ன சுண்ணாம்பு!" என்று உருகுகிறார்கள். உருகட்டும். அந்தச் சுண்ணாம்பு மழைக்காலத்தில் உதிர்ந்தது என் தலையில். நான் அந்த ஜெயிலுக்குள் மூன்று வருஷம் இருந்தவள். களவு, கொலை எதுவும் இல்லை. ஒன்பதாவது, பத்தாவது, பதினொன்றாவது படித்தேன்.

கட்டடத்தின் வரலாறு என்று கேட்டால் நாலு வரியில் சொல்லிவிடலாம். வெள்ளைக்காரத் துரை ஒருவர் படம் போட்டுக் கொடுத்தார். சமஸ்தானம் செலவு செய்தது. எங்கள் பக்கத்து ஜனங்கள் கல் சுமந்தார்கள். துரைக்குப் பெருமை, ராஜாவுக்குப் பெருமை, கல் சுமந்தவர்களுக்கு உள்ளே இடம். நாற்பத்தெட்டில் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்தபோது மிச்சமிருந்த கைதிகளை லாரியில் ஏற்றித் திருச்சிக்கு அனுப்பினார்கள். சில்லறைக் கேசுகளை அதற்குக் கொஞ்சம் முன்பே, "போங்கடா வீட்டுக்கு" என்று அவிழ்த்துவிட்டார்கள். அப்புறம் அந்தக் கட்டடத்தில் ஆடுகளும் வௌவால்களும்தான் குடியிருந்தன. ஆடுகளை யாரும் பிடித்து அடைக்கவில்லை. நிழலுக்காகத் தாமாகவே உள்ளே போயின.

அந்தச் சில்லறைக் கேசுகளில் ஒருவர் என் தாய்மாமா. ஆத்தாவுக்கு ஒரே தம்பி. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஆத்தா பிறந்த ஊரில் கண்மாய் மடை திறப்பதில் தகராறு. ஆளாளுக்கு மண்வெட்டியைத் தூக்கியிருக்கிறார்கள். மாமாவின் மண்வெட்டிக் காம்பு போய் இறங்கிய இடம் ஒரு பெரிய மனிதரின் தோள்பட்டை. சாதாரண மனிதரின் தோளாக இருந்தால் பஞ்சாயத்தோடு போயிருக்கும். பெரிய தோள் என்பதால் கோர்ட்டு, தண்டனை, எங்கள் ஊர் ஜெயில்.

எங்கள் வீட்டிலிருந்து அந்த ஜெயில் கூப்பிடு தூரம். ஆனால் ஆத்தா ஊர் முழுக்கச் சொல்லி வைத்தது வேறு. "என் தம்பி கண்டிச் சீமைக்குப் போயிருக்கான். தேயிலைத் தோட்டத்துல கங்காணி. நூறு பேர மேய்க்கிறானாம்." கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆத்தாவுக்குப் பொய் சொல்லப் பழக்கம் இல்லை என்பதால், சொல்ல ஆரம்பித்ததும் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. மாமாவுக்குத் தோட்டத்து வெள்ளைக்காரர் குதிரை கொடுத்திருப்பதாகக்கூட ஒருநாள் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

எனக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்துக்கொள்ள மாமா இல்லை. கண்டியில் இருக்கும் மனிதர் எப்படி வருவார்? தூரத்துச் சொந்தம் ஒருவரை மாமா என்று சொல்லி உட்கார வைத்தார்கள். அவர் மடி எலும்பும் தோலுமாகக் குத்தியது. காது குத்தியதைவிட அதற்குத்தான் நான் அதிகம் அழுதேன். மேளதாளத்தோடு ஊர்வலம் ஜெயில் சுவரை ஒட்டித்தான் போனது.

மாமா வெளியே வந்த அன்று ஆத்தா செய்த ஏற்பாடு இருக்கிறதே, ஒரு மந்திரி வந்தால்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள். விடிவதற்குள் அப்பா போய் ஜெயில் வாசலில் நின்று அவரைக் கூட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே பஸ் ஏறி, அறந்தாங்கிக்குக் கொண்டுபோனார். அங்கே குளத்தில் முழுக வைத்து, போட்டிருந்த துணியைக் கரையிலேயே விட்டுவிட்டு, கடைவீதியில் தகரப் பெட்டி, வாசனைச் சோப்பு, பிஸ்கட் டின், அகலமான பச்சை பெல்ட் எல்லாம் வாங்கிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் கண்டியிலிருந்து வந்து இறங்கினார்கள். தெருவே கூடிவிட்டது. ஆத்தா ஆரத்தி சுற்றிக்கொண்டே, "ஐயோ, கப்பல்ல வந்து ஆளு இப்படி எளைச்சுப் போச்சே!" என்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். கப்பல்தான் பொய். அழுகை நிஜம்.

மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. கண்டியைப் பற்றி யாராவது கேட்டால், மேகம் வீட்டுக்குள்ளேயே வரும், அட்டை காலில் ஏறினால் சுண்ணாம்பு தடவணும், புகையிலை வைக்கணும் என்று அடித்துவிடுவார். கொட்டடியில் பக்கத்துப் பாய்க்காரர் நிஜமாகவே கண்டியில் இருந்துவிட்டு வந்தவராம். ஜெயிலில் ஒரு மனிதனுக்கு உபயோகமான விஷயம் இதைத்தவிர வேறு எதுவும் கிடைத்ததாக மாமா சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் ஊரில் இப்படிச் சீமைக்குப் போய் வந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். ரைஸ்மில் முதலாளி வாலிபத்தில் பினாங்கில் இருந்தவர். ஊரே அவரைப் பினாங்குக்காரர் என்றுதான் சொல்லும். மளிகைக் கடைக்காரர் ரங்கூன்காரர். இவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பழக்கம் ஒன்று உண்டு. கல்யாணப் பந்தியில் இடது கையை இலையைச் சுற்றி வேலி மாதிரி வளைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், பேச்சு மூச்சு இல்லாமல் சாப்பிட்டு முடிப்பார்கள். சீமைச் சாப்பாட்டு நாகரிகம் போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

நான் எட்டாவது முடித்தபோதுதான் எனக்கு வினை வந்தது. ஊரில் பெண்களுக்கு எட்டாவதோடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். பெண் பிள்ளையைத் தினம் பஸ்ஸில் அனுப்புவதற்கு அப்பா சம்மதிக்கவே மாட்டார். கறம்பக்குடியில் அத்தை மகன் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருக்கு என்னைக் கொடுப்பதென்று பேசியாயிற்று. நல்ல மனிதர்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் பேசும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் பம்ப் அடிக்கிற மாதிரி ஒரு மூச்சு விடுவார். "எப்ப, ஹூம், வந்தே? ஹூம்." ஆயுசு முழுக்க அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு டியூப் ஒட்ட வேண்டுமா என்று எனக்குப் பகீரென்றது. எனக்கு வயது பதின்மூன்று. கணக்கு நன்றாக வரும். டீச்சராக வேண்டும் என்று ஆசை, அதை யாரிடமும் சொல்லத் தைரியம் இல்லை, மாமாவைத் தவிர.

அந்தச் சமயத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஒரு காரியம் செய்தார். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் குடை இருக்கும். அந்தக் குடையை நீட்டினால் தாசில்தாரும் ஒதுங்குவார். அவர் எங்கெங்கோ அலைந்து பெண்களுக்கு ஒன்பதாவது தொடங்க அனுமதி வாங்கிவிட்டார். ஒரு நிபந்தனை. இருபது பெண்களாவது சேர வேண்டும். சேராவிட்டால் ஒன்பதாவது கிடையாது. கட்டடம்? சும்மா கிடக்கிற ஜெயிலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊர் கொதித்தது. "பொட்டப்புள்ளைய ஜெயிலுக்கு அனுப்பவா பெத்தோம்?" என்று கடைத்தெருவெல்லாம் அதே பேச்சு. தலைமையாசிரியை அசரவில்லை. ஆடுகளை விரட்டினார், வௌவால்களை விரட்டினார், தரைக்கெல்லாம் சிமெண்ட் பூசினார், வெள்ளையடித்தார். ஒரு சுவரில் யாரோ கைதி ஆணியால் செதுக்கி வைத்திருந்த கெட்ட வார்த்தையை மட்டும் நாலு பூச்சுச் சுண்ணாம்பாலும் மறைக்க முடியவில்லை. பிறகு தீட்டுக் கழிக்கும் படலம். சர்ச் சாமியாரை அழைத்து வந்து தீர்த்தம் தெளிக்க வைத்தார். அம்மன் கோயில் பூசாரியைக் கொண்டு பூசணிக்காய் உடைத்தார். பள்ளிவாசல் அஸ்ரத்தும் வந்து ஓதிவிட்டுப் போனார். மூன்று பக்கத்துச் சாமியும் வந்து கழுவின கட்டடம் எங்கள் ஜில்லாவில் வேறு எதுவும் இருக்காது. அப்படியும் பேர் கொடுக்க ஆள் வரவில்லை. காரணம், ஒன்பதாவதுக்கென்று ஒதுக்கிய பெரிய அறையின் மேலே குறுக்கே போட்டிருந்த உத்தரம்.

கனத்த தேக்கு உத்தரம். நடுவில் இரண்டு இரும்பு வளையங்கள். வேறு எந்தக் கொட்டடியிலும் அப்படி ஒன்று கிடையாது. அது தூக்குமரம் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பி, ஒரு வாரத்துக்குள் தொங்கியவர்களின் அங்க அடையாளம் வரைக்கும் வளர்ந்துவிட்டது. ஒருவருக்கு ஆறு விரலாம். இன்னொருவர் சாகும்போது தண்ணீர் கேட்டாராம். பார்த்த ஆள் யாரும் இல்லை, சொல்லாத ஆளும் இல்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடித்து வந்த கையோடு, தலைமையாசிரியை பெற்றோர்களை எல்லாம் அந்த அறைக்கே வரச் சொன்னார். அன்றைக்கு இருபது பேர் தேறாவிட்டால் மறுநாள் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். ஆத்தாவும் நானும் போனோம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே கறம்பக்குடிக்குத் தட்டு மாற்ற நாள் பார்த்தாயிற்று. எனக்கு அந்த அறையில் ஒரு பலகை கிடைக்குமா, இல்லை சைக்கிள் கடையா என்பது அன்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும்.

மாமா எங்களோடு வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. பெரிய கதவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பச்சை பெல்ட்டும் வெள்ளைச் சட்டையுமாக நின்றுகொண்டார். அவருக்கும் அறந்தாங்கிப் பக்கம் பெண் பார்த்து வெற்றிலை மாற்றியாகிவிட்டது. கண்டிக் கங்காணிக்குப் பெண் கிடைப்பது கஷ்டமா? அந்தப் பெண்ணை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார். அதன் பிறகு தினம் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டிருந்தார். நாங்கள் கேலி செய்தால், "போங்க புள்ள அங்கிட்டு" என்று வெட்கப்படுவார். அத்தனை பெரிய ஆளுக்கு அத்தனை வெட்கம்.

கூட்டம் ஆரம்பித்த உடனேயே கெட்டுவிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் உத்தரத்தைக் கைநீட்டிக் காட்டி எழுந்தாள். "டீச்சரம்மா, ஒங்களுக்குப் புள்ளையா குட்டியா? மனுசன் தொங்குன எடத்துக்குக் கீழ எம்மக உக்காந்து பாடம் படிக்கணுமா? நாளைக்கு ராவுல பயந்து அலறுனா யாரு பதில் சொல்றது?"

"அது தூக்குமரம்னு எந்த ஆபீசுலயும் சொல்லலியே அம்மா. நானும் கேட்டுப் பாத்துட்டேன்" என்றார் தலைமையாசிரியை.

"ஆபீசுல சொல்லுவாகளா? அந்த வளையத்தப் பாத்தா தெரியல?"

ஒவ்வொருவராக எழுந்தார்கள். சேலையை உதறிக்கொண்டார்கள். ஆத்தாவும் எழுந்து என் கையைப் பிடித்தாள். நான் அசையவில்லை. வாய்விட்டே அழுதேன். மூக்கு ஒழுக, ஊரே பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன். "எந்திரிடி, மானத்த வாங்காதே" என்று ஆத்தா இழுக்கிறாள், நான் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். தலைமையாசிரியை குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அப்போது வாசலில் மாமா நின்றார். வேப்பமரத்தடியிலிருந்து எப்போது வந்தார் என்று தெரியாது. என்னைப் பார்த்தார். அப்புறம் உள்ளே கால் வைத்தார்.

"அது தூக்குமரம் இல்லீங்க. தராசு மாட்டுற உத்தரம். இது ஸ்டோர் ரூம். இங்கதான் அரிசி மூட்டைய எடை போடுவாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். முன்வரிசை அம்மாள் கேட்டாள், "ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? நீங்க கண்டியிலல்ல இருந்தீக?"

ஆத்தாவின் நகம் என் கையில் பதிந்தது. மாமா தன் பெல்ட்டை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கண்டிக்கு நான் போனதே இல்லீங்க. இங்கதான் இருந்தேன். அந்தா, அங்கிட்டு ரெண்டாவது கொட்டடி. அரிசி எடை போட்டது நாந்தான்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. என்ன நடந்துவிட்டது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஆத்தா ஊரெல்லாம் கட்டிக் காத்த கண்டிச் சீமை அந்த ஒரு வாய்ச் சொல்லில் கவிழ்ந்து போனது.

அப்போது பின்வரிசையிலிருந்து ரைஸ்மில் பினாங்குக்காரரின் கனத்த குரல் கேட்டது. "அரிசியா? என்னப்பா சும்மா அளக்கிறே. இந்த ஜெயில்ல என்னைக்கு அரிசி போட்டான்? கேப்பைதான். கேப்பை மூட்டதான் அதுல தொங்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு, தான் என்ன சொன்னோம் என்று புரிந்த மாதிரி இருந்தது. வாய் திறந்தபடியே நின்றுவிட்டார். அதற்குள் மளிகைக்கடை ரங்கூன்காரர் எழுந்துவிட்டார்.

"ஒங்க காலத்துல கேப்பையா இருந்திருக்கும் முதலாளி. எங்க காலத்துல அரிசிதான். பாதி கல்லு. ஆனா அரிசிதான். தம்பி சொல்றது சரி."

"யோவ், எனக்கா சொல்லித் தாரே? அந்தத் தராசுக் கல்லத் தூக்கித் தூக்கி என் தோளு எறங்கிப் போச்சு."

"கல்லு ஒரு மணங்கு கொறையும்ங்க. அதுல ஜெயிலர் அடிச்ச கொள்ளை ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? நாந்தானேய்யா மூட்டைய அவரு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனது!"

கிணற்றடிக் கதவு பக்கம் நின்ற இன்னொரு ஆள், அவர் மலாய்க்குப் போய் ரப்பர்ப் பால் வெட்டியவர் என்று பேர், "மொளகா மூட்டையும் இங்கதான் போடுவாங்க, தும்மித் தும்மிச் செத்தோம்" என்று தன் பங்குக்குச் சேர்த்தார். மூன்று பேரும் உத்தரத்தைப் பார்த்து, வளையத்தைப் பார்த்து, தராசுத் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதுவரை வாதாடிக்கொண்டிருந்தார்கள். தம்பி, அண்ணே என்று முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே காலேஜில் படித்தவர்கள் ரொம்ப நாள் கழித்துச் சந்தித்த மாதிரி இருந்தது.

பினாங்குக்காரரின் மனைவி மெதுவாக எழுந்தாள். "அப்ப பினாங்குலேருந்து கொண்டாந்தேன்னு சொன்னீகளே, அந்தப் பட்டுச்சேலை?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது அறந்தாங்கி."

முதலில் சிரித்தது தலைமையாசிரியை. கர்த்தர் மன்னிப்பாராக, குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் பெண்கள் ஆரம்பித்தார்கள். அத்தனை வருஷம் சீமைக் கதை கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வீடு பெருமை பார்த்துப் பார்த்து, அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. முன்வரிசை அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தன் புருஷனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கொழும்புக்குப் போய் வந்தவர்.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ பினாங்குக்காரர்தான் முதலில் வந்து, "எம்மக பேரப் போடுங்க டீச்சரம்மா. அப்பன் இருந்த எடந்தானே, புள்ள இருந்தா என்ன?" என்றார். பிறகு ரங்கூன், மலாய். கொழும்பு தானாக வரவில்லை, மனைவி தள்ளிவிட்டு வந்தார். மத்தியானத்துக்குள் இருபதுக்கு மேல் தேறிவிட்டது. ஆத்தா யார் முகத்தையும் பார்க்காமல் என் பேரைச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தா அடுப்பை மூட்டினாள், அணைத்தாள், மறுபடி மூட்டினாள். கடைசியில் மாமாவின் முன்னால் வந்து நின்றாள். "ஏன்டா, நான் யாருக்காகடா இத்தனை பொய் சொன்னேன்? இந்த வாயி நாறப் பொய் சொன்னேனேடா. இன்னும் பத்து நாளு பொறுத்திருந்தா ஒனக்குத் தாலி கட்டி முடிஞ்சிருக்குமே."

மாமா, "விடுக்கா" என்றார். அவ்வளவுதான்.

அறந்தாங்கிக்குச் சேதி மத்தியான பஸ்ஸிலேயே போய்விட்டது. எங்கள் ஊரில் தபால் போய்ச் சேர நாலு நாள் ஆகும், அவமானம் மட்டும் அன்றே போய்ச் சேரும். பெண் வீட்டார் வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். மாமா வாங்கி வைத்திருந்த சேலையைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார்கள். ஆத்தா அதைக் கட்டவும் மனசில்லாமல், எரிக்கவும் மனசில்லாமல் பெட்டியில் போட்டு வைத்தாள். அப்புறம் ரெண்டு மூன்று இடம் பார்த்தார்கள். எங்கே போனாலும் கண்டிக் கதை முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. மாமா அதற்குப் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தலையைப் படிய வாருவதையும் விட்டுவிட்டார். எனக்கு வர இருந்த கல்யாணம் நின்றதற்கு நான் மாவிளக்கு வைத்துக் கும்பிட்டவள். அவருக்கு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார், "ஒன் காதுகுத்து மேளம் எனக்கு உள்ள கேட்டுச்சு தாயீ. பக்கத்துப் பாய்க்காரன்ட்ட, எம் மருமக மேளம்டான்னு சொன்னேன். அவன் நம்பல."

பள்ளிக்கூடம் என்றால் பள்ளிக்கூடம்தான். ஜெயில் என்பதெல்லாம் முதல் வாரத்தோடு மறந்துவிட்டது. தண்டனைக் கொட்டடியில் சயின்ஸ் சாமான் வைத்தார்கள். வார்டர் நின்ற இடத்தில் தையல் டீச்சர் நின்றார், வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. சுவரில் இருந்த கெட்ட வார்த்தையைத் தேடிக் கண்டுபிடித்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் ஒவ்வொரு புதுப் பெண்ணும் அல்ஜீப்ராவுக்கு வருவாள். மத்தியான மணி அடித்தால், ஒன்பதாவது அறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, உத்தரத்து வளையத்தில் கயிறு கட்டி ஊஞ்சல் ஆடுவோம். பினாங்குக்காரர் மகள் உந்தினால் கால் விட்டத்தைத் தொடும். ஆத்தா மட்டும் நான் சாயங்காலம் வந்ததும் வாசலிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே விடுவாள். ஜெயிலிலிருந்து வருகிறவர்களுக்கு அது முறையாம். மூன்று வருஷமும் தெளித்தாள். எனக்கு ஓயாத ஜலதோஷம்.

படித்தேன், டிரெயினிங் முடித்தேன், அந்தப் பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்தேன். அறுபதுகளில் ஒரு கோடைக்காலம், மெட்ராஸிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். பழைய கட்டடங்களைப் பார்த்து எழுதுகிறவராம். கறுப்புக் கண்ணாடி, கையில் டேப். குடைக்காரத் தலைமையாசிரியை அப்போது ஓய்வு பெற்று ஆவூருக்கே போய்விட்டார். புதிய தலைமையாசிரியை லீவில் இருந்ததால் சுற்றிக்காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. வளைவைப் பார்த்தார், "பியூட்டிஃபுல்" என்றார். மட்டப்பாக் கூரையைப் பார்த்தார், "பியூட்டிஃபுல்" என்றார். எங்கள் கக்கூசைக் காட்டவில்லை, அதையும் சொல்லியிருப்பார். இதெல்லாம் பாரம்பரியம் அம்மா, ஒரு செங்கலைக்கூட மாற்றக்கூடாது என்று எனக்குப் பாடம் நடத்தினார். மழைக்கு ஒழுகுகிறது சார் என்றேன். அது காதில் விழவில்லை.

ஒன்பதாவது அறைக்கு வந்ததும் அவர் நடை நின்றுவிட்டது. உத்தரத்தைப் பார்த்தார், வளையங்களைப் பார்த்தார். அப்புறம் நேர் கீழே தரையைப் பார்த்தார். தலைமையாசிரியை போட்ட சிமெண்ட் அந்த இடத்தில் சதுரமாக விரிசல் விட்டிருந்தது. எத்தனையோ வருஷமாக அதன்மேல் நடந்திருக்கிறோம், சிமெண்ட் என்றால் விரிசல் விடும் என்று நினைத்தோம். அவர் குனிந்து சாவியால் தட்டினார். மற்ற இடத்தில் ஒரு சத்தம், அங்கே ஒரு சத்தம். பியூனை அழைத்துக் கடப்பாரையால் ஒரு மூலையை நெம்பச் சொன்னார். கீழே பலகைக் கல். கல்லுக்குக் கீழே குழி. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். செங்கல்லால் நேர்த்தியாகக் கட்டிய குழி.

நான் சுவர்ப் பக்கமாக நகர்ந்துகொண்டேன். ஆபீசருக்கோ முகமெல்லாம் சந்தோஷம். "தூக்குமேடை அம்மா! ஒரிஜினல்! இந்த மாதிரி முழுசா எங்கயும் மிஞ்சல. இங்க ஒரு போர்டு வைக்கணும். எத்தனை பேர் வந்து பாப்பாங்க தெரியுமா?"

போர்டு. அடுத்த மாதம் ஒன்பதாவதுக்குப் பெண்களைச் சேர்க்க வேண்டும். தெற்கே உள்ள ஊர்களிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக நாலு தாய்மார்கள் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் வந்து அந்தப் போர்டைப் படித்தால், அல்லது படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது படித்துச் சொன்னால்? கறம்பக்குடியில் இன்னும் நிறையச் சைக்கிள் கடைகள் இருந்தன.

"இல்லீங்க சார்" என்றேன். "அது தராசு மாட்டுற உத்தரம். ஜெயில் ஸ்டோர் ரூம் இது."

"குழி எதுக்கு?"

"தட்டு பெருசுங்க. மூட்டையோட கீழ எறங்கணும்ல. அதுக்குத்தான் குழி." மூச்சு விடாமல் சொன்னேன்.

"யார் சொன்னது?"

"என் தாய்மாமா. இங்க கைதியா இருந்தவரு. அரிசி எடை போட்டதே அவருதான்." மற்றவர்கள் எங்கள் மாமா தாசில்தார் என்று சொல்வார்களே, அந்தத் தோரணையில் சொன்னேன்.

ஆபீசர் என்னைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். நம்பினாரா இல்லையா தெரியாது. காற்று இறங்கின முகத்தோடு எடைக்கூடம் என்று எழுதிக்கொண்டு போனார். பியூனை விட்டு அன்றைக்கே கல்லை மூடச் சொல்லி, புதுச் சிமெண்ட் பூசச் சொன்னேன். பாரம்பரியத்தில் நான் கைவைத்தது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மாமா சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். இடது கை வழக்கம்போலத் தட்டைச் சுற்றி வளைந்திருந்தது. எதிரே போய் உட்கார்ந்தேன்.

"மாமா, நெசத்தச் சொல்லுங்க. அது தராசா?"

"தராசுதான் தாயீ."

"கீழ குழி இருக்கு மாமா. இன்னைக்குப் பாத்தேன்."

பிசைந்த கை நின்றது.

"வேலை இல்லாத நாள்ல தராசு" என்றார்.

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல எங்கள எல்லாம் கொட்டடியில போட்டு அடைச்சிருவாங்க. விடிஞ்சப்புறந்தான் கதவு தொறக்கும். அரிசி எடை போட நாந்தான் மொதல்ல போகணும். வளையத்துல கெடக்குற கயித்த அவுத்துட்டுத்தான் தராச மாட்ட முடியும்."

ரசக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அப்புறம் கேட்டேன், "பினாங்குக்காரருக்கு, ரங்கூன்காரருக்கு, அவுகளுக்கெல்லாம்?"

"தெரியாமயா? அதான் அரிசியா கேப்பையான்னு அந்தச் சண்டை போட்டாக. இல்லாட்டி எவனாச்சும் பொண்டாட்டி முன்னால வலிய வந்து மாட்டிக்குவானா?"

"ஒங்க கல்யாணம் நின்னு போச்சே மாமா. எதுக்கு அப்புடிச் சொன்னீங்க?"

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்கிற மாதிரிப் பார்த்தார்.

"என்ன புள்ள கேள்வி இது? ஒனக்கு ஒம்பதாவது வேணும்ல."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் அங்கேயே உட்கார்ந்து, பதின்மூன்று வயதில் அழுத மாதிரியே அழுதேன். ஜூன் மாதம் ஒன்பதாவதுக்கு அத்தனை பெண்கள் வந்தார்கள். அந்த அறை போதாமல் மாமா இருந்த ரெண்டாவது கொட்டடியையும் திறந்து பெஞ்சு போட்டோம்.